இதழின் அட்டை எப்படி இருந்தால் நாம் நினைக்கும் வாசகர் எடுப்பார்?

பெண்களுக்காக ஒரு மாத இதழ் தொடங்கப் போகிறோம், அட்டை எப்படி இருந்தால் அவர்கள் வாங்குவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டிசைனர் இல்லை. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் அப்பா வைத்திருந்த மளிகைக் கடையில், பத்திரிகைகள் தொங்கும் கயிற்றுக்குக் கீழே உட்கார்ந்து கல்லாப்பெட்டியைப் பார்த்துக்கொண்டவன். யார் எதை எடுத்தார்கள், எதைப் புரட்டிவிட்டு வைத்தார்கள் என்பது தெரியும், அவ்வளவுதான்.

முதலில், கடையில் யாரும் முழு அட்டையைப் பார்ப்பதில்லை. கயிற்றில் கிளிப் மாட்டி ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தொங்கும்போது மேலே நாலு விரற்கடையும் இடப்பக்கம் கொஞ்சமும்தான் கண்ணில் படும். இதழின் பெயரும் படத்தில் இருப்பவரின் கண்ணும் அதற்குள் வந்துவிட வேண்டும். போதாததற்கு, தமிழ்நாட்டிலிருந்து வரும் இதழ்களில் வெள்ளிக் கணக்கு (மலேசிய ரிங்கிட்) விலை ஸ்டிக்கரை நடிகையின் மூக்கிலேயே ஒட்டி அனுப்புவார்கள். டைம் இதழுக்கு 1927 முதல் சிவப்பு ஓரம், நேஷனல் ஜியாகிரபிக்குக்கு 1910 முதல் மஞ்சள் ஓரம். உள்ளே என்ன படம் இருந்தாலும் ஓரம் தெரிந்தால் போதும், வழக்கமாக வாங்குகிறவர் கண்டுபிடித்துவிடுவார். விகடனுக்கு அந்தத் தாத்தா முகம். அதனால் மாதத்துக்கு ஒரு எழுத்துரு மாற்றி விளையாடாதீர்கள்.

சரி, பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே நடிகைதான், சினிமா இதழில் ஒரு மாதிரி நிற்பார், பையன்கள் எடுப்பார்கள். பெண்கள் இதழில் பட்டுப்புடவை, மல்லிகைப்பூவோடு வருவார், அதை எங்கள் அக்காமார்கள் எடுப்பார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது முகத்தை இல்லை. தீபாவளிக்கு முன்னால் தோட்டத்தில் சம்பளம் போட்ட சாயங்காலம் ஒரு அக்கா அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரவிக்கையின் கை வெட்டையும் கழுத்து வெட்டையும் பார்த்துவிட்டு, அப்படியே வாங்கிக்கொண்டு இரண்டு கடை தள்ளியிருந்த தையல்காரரிடம் போனார். உள்ளே ஒரு பக்கம்கூட அவர் புரட்டவில்லை. அட்டைப் படத்தை முகத்தோடு வெட்டிவிடாமல் தோள், கை வரை விடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். சமையல் புத்தகம் இலவச இணைப்பு என்று போட்டிருந்தால், அது உள்ளே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் காசு கொடுப்பார்கள்.

வாசிப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் வேறொருவர் என்றால் அட்டை காசு கொடுப்பவரிடம்தான் பேச வேண்டும். மாணவர் இதழ்களில் கார்ட்டூன் சின்னதாகவும், ஆரம்பப் பள்ளி ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வுக்கான "யூபிஎஸ்ஆர் மாதிரி வினாக்கள்" பெரிதாகவும் இருந்ததற்கு அம்மாக்கள்தான் காரணம். 2021இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள், அது வேறு கதை.

பக்தி இதழ் தனி ரகம். முருகன் தலையில் கிளிப் மாட்டக் கூடாது, அவர் மேல் இன்னொரு புத்தகமும் ஏறக் கூடாது என்பது எங்கள் அம்மாவின் கட்டளை, ஆகவே அதற்கு மட்டும் கண்ணாடிப் பெட்டிமேல் முழு அட்டையும் தெரிகிற இடம். தைப்பூச மாதத்தில் நன்றாகப் போகும். அது டிசைனரின் கெட்டிக்காரத்தனமா, அம்மாவின் பயமா?

வண்ணத்தைப் பற்றி ஒன்று. எங்கள் ஊர் வெயிலில் வாசலில் தொங்கினால் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்து நீலம் மிஞ்சும், மாதக் கடைசியில் கதாநாயகிகள் எல்லாம் கிருஷ்ணர் மாதிரி ஆகிவிடுவார்கள். பெயரை வெளிர் சிவப்பில் போடாமல் அடர்ந்த நிறத்தில் போடுங்கள்.

அட்டையைக் கணினித் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு பிரதி அச்சடித்து, தெரிந்த கடையில் மற்ற இதழ்களுக்கு நடுவில் மாட்டச் சொல்லிவிட்டு, ஐந்தடி தள்ளி நின்று, சாமான் வாங்க வருகிற பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கருத்துக் கேட்காதீர்கள், கேட்டால் எல்லாரும் "நல்லா இருக்கு"தான் சொல்வார்கள்.