பெண் விமானி ஒருத்தரப் பத்தி ஸ்கூல் ப்ராஜெக்ட், அமேலியா ஏர்ஹார்ட்ட விட்டா வேற யாரு?

கேள்வி கேட்டவரோட பொண்ணு செகண்டரி டூ படிக்குதாம், கிளாஸ்ல பாதிப் பேரு அமேலியா ஏர்ஹார்ட்ட எடுத்துட்டாங்களாம், சிங்கப்பூரோட கொஞ்சமாவது தொடர்பு இருக்குற வேற ஒரு பெண் விமானி வேணும்னு கேட்டிருக்காரு. எனக்கு யோசிக்கவே வேண்டியதில்ல. ஏமி ஜான்சன்.

அமேலியாவும் இங்க வந்தவங்கதான். 1937 ஜூன் மாசம் உலகத்தச் சுத்துற பயணத்துல காலாங் ஏர்போர்ட்ல இறங்கினாங்க, அப்ப அந்த ஏர்போர்ட் திறந்து பத்து நாள் கூட ஆகல. இங்கேர்ந்து கெளம்பிப் போய் ரெண்டு வாரத்துக்குள்ள பசிபிக் கடல்ல காணாமப் போயிட்டாங்க, அதனாலயே அவங்க பேரு இன்னும் எல்லார் வாயிலயும் இருக்கு. ஆனா ஏமி அதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே, 1930 மே 18ஆம் தேதி, துணைக்கு யாரும் இல்லாம, மரச்சட்டத்துல துணி போர்த்தின ஒரு குட்டி விமானத்துல சிலேத்தார்ல வந்து இறங்கினவங்க. காலாங் ஏர்போர்ட்டெல்லாம் அப்ப கிடையாது, சிலேத்தார்ல பிரிட்டிஷ் விமானப்படை புதுசா போட்ட தளம் மட்டும்தான்.

நான் இங்க விமானப் பராமரிப்புல இருக்கேன், லைசென்ஸ்டு எஞ்சினியர், ராத்திரி ஷிஃப்ட் பகல் ஷிஃப்ட்னு ஹேங்கர்லயே பாதி வாழ்க்கை போயிருச்சு. அதனாலயோ என்னவோ ஏமியப் பத்தி எழுதுறவங்க எல்லாரும் "தைரியமான பெண், தைரியமான பெண்"னே எழுதுறது எனக்கு மனசுக்கு ஒட்டவே மாட்டேங்குது. தைரியம் இருந்துச்சு, சரி. ஆனா அந்தம்மா ஒரு மெக்கானிக். முறைப்படி கத்துக்கிட்டு பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கின மெக்கானிக். ஆஸ்திரேலியா வரைக்கும் போய்ச் சேந்ததுக்கு அதுதான் காரணம்னு நான் நெனைக்கிறேன், ப்ராஜெக்ட்லயும் அதத்தான் பெருசா எழுதணும்.

பொறந்தது 1903ல, இங்கிலாந்துல ஹல்னு ஒரு துறைமுக ஊரு, அப்பா மீன் வியாபாரி. ஷெஃபீல்டு யுனிவர்சிட்டில எக்கனாமிக்ஸ் படிச்சிட்டு லண்டன்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல செக்ரட்டரி வேலை. அந்தக் காலத்துல விமானம் ஓட்டின பொண்ணுங்க நெறையப் பேரு பிரபு வீட்டு, பணக்கார வீட்டுப் பொண்ணுங்க. இவங்க மாசச் சம்பளத்துக்கு டைப் அடிச்சுக்கிட்டு, லண்டன் ஏரோப்ளேன் கிளப்ல சேந்து ஸ்டாக் லேன்னு ஒரு எடத்துல ஓட்டக் கத்துக்கிட்டாங்க. டக்குனு பிடிபட்டுடல, தனியா ஓட்ட விடுறதுக்கு மத்தவங்களுக்கு ஆன நேரத்த விட இவங்களுக்குக் கூடவே ஆச்சு. 1929ல பைலட் லைசென்ஸ் கெடச்சிருச்சு.

இதுக்கப்புறம் வர்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஓட்டக் கத்துக்கிட்டதோட நிக்கல, அந்த கிளப்போட ஹேங்கர்ல ஜாக் ஹம்ஃப்ரீஸ்னு தலைமை எஞ்சினியர் இருந்தாரு, அவர்கிட்ட போய் வேலை கத்துக்கணும்னு நின்னாங்க. ஆபீஸ் போறதுக்கு முன்னாடி விடிகாலைல வந்து எஞ்சின கழட்டுறது, க்ளீன் பண்றது, திரும்ப மாட்டுறது, கையெல்லாம் கிரீஸ். பொம்பள ஹேங்கருக்குள்ள நிக்கிறதே அதிசயமா இருந்த காலம், அங்க இருந்த ஆளுங்க கொஞ்ச நாள்ல இவங்களுக்கு "ஜானி"னு பேரே வச்சுட்டாங்க. அதே 1929லயே கிரவுண்ட் எஞ்சினியர் 'சி' லைசென்ஸ் வாங்கினாங்க, பிரிட்டன்ல அத வாங்கின முதல் பெண் இவங்கதான். 'சி' லைசென்ஸ்னா பறக்குறதுக்கு முன்னாடி எஞ்சின செக் பண்ணி, பறக்கலாம்னு கையெழுத்துப் போடுற உரிமை. இன்னைக்கும் எங்க தொழில்ல அந்தக் கையெழுத்து இல்லாம ஒரு விமானம் கேட்ட விட்டு நகராது, கேப்டன் எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் சரி. அந்தப் பேனாவ ஒரு பொண்ணு கையில 1929லயே குடுத்துருக்காங்கன்னா அது எவ்ளோ பெரிய விஷயம்னு வெளிய இருக்குறவங்களுக்குச் சட்டுன்னு புரியாது.

விமானம் செகண்ட் ஹேண்ட். டி ஹேவிலாண்ட் கம்பெனியோட ஜிப்ஸி மாத், 600 பவுண்டு, அப்பா கொஞ்சம் போட்டாரு, காஸ்ட்ரால் ஆயில் கம்பெனிக்காரரு வேக்ஃபீல்டு பிரபு கொஞ்சம் போட்டாரு. ஜேசன்னு பேரு வச்சாங்க, அது அப்பாவோட மீன் வியாபாரத்துக்கு இருந்த டிரேட்மார்க் பேரு. நாலு சிலிண்டர் எஞ்சின், சுமார் 100 குதிரைத்திறன், மூடி இல்லாத காக்பிட், ரேடியோ கெடையாது. முன் சீட் எடத்துல கூடுதல் பெட்ரோல் டேங்க், பக்கவாட்டுல ஒரு ஸ்பேர் புரொப்பெல்லரக் கட்டி வச்சிருந்தாங்க. அந்த ஸ்பேர் புரொப்பெல்லர ஞாபகம் வச்சுக்கோங்க.

1930 மே 5ஆம் தேதி லண்டன் பக்கத்துல க்ராய்டன்ல கெளம்பினாங்க. அதுக்கு முன்னாடி அவங்க ஓட்டின பெரிய தூரமே லண்டன்ல இருந்து ஹல் வரைக்கும்தான். 1928ல பெர்ட் ஹிங்க்ளர்னு ஒருத்தரு பதினஞ்சரை நாள்ல ஆஸ்திரேலியா போயிருந்தாரு, அத முறியடிக்கணும்னு கணக்கு. வியன்னா, கான்ஸ்டான்டிநோபிள், அலெப்போ, பாக்தாத், பந்தர் அப்பாஸ்னு போயி ஆறே நாள்ல கராச்சி வந்துட்டாங்க, ஹிங்க்ளர விட ரெண்டு நாள் முன்னாடி. அதுவரைக்கும் பேப்பர்ல ஒரு மூலையில வந்துக்கிட்டிருந்த பேரு கராச்சிக்கு அப்புறம்தான் முதல் பக்கத்துக்கு வந்துச்சு.

ஒவ்வொரு நாள் சாயங்காலமும் என்ன நடந்திருக்கும்னு ஒரு பராமரிப்புக்காரனா என்னால யோசிக்காம இருக்க முடியல. நாள் பூராவும் வெயில்லயும் காத்துலயும் ஒக்காந்து ஓட்டிட்டு எறங்கினா மத்தவங்களுக்கு ஓய்வு, இவங்களுக்கு அப்பதான் அடுத்த ஷிஃப்டே ஆரம்பம். ஆயில் மாத்தணும், ஸ்பார்க் பிளக்கக் கழட்டிப் பாக்கணும், வால்வு இடைவெளி சரியா இருக்கான்னு பாக்கணும், பெட்ரோல வடிகட்டித்தான் ஊத்தணும், இல்லன்னா தண்ணியோ தூசியோ போயி நடு வானத்துல எஞ்சின் நின்னுரும். இதெல்லாம் முடிச்சிட்டு ரெண்டு மூணு மணி நேரம் தூங்கிட்டு விடியறதுக்கு முன்னாடி திரும்ப ஏறணும். நாங்க ஒரு ராத்திரி வேலைக்கு டீமா நிப்போம், லைட் இருக்கும், மேனுவல் இருக்கும், ஒருத்தர் செஞ்சத இன்னொருத்தர் செக் பண்ணுவாரு. அங்க எல்லாமே ஒரே ஆளு.

ஜான்சில இறங்குறப்ப இறக்கை அடிபட்டுச்சு. அதெல்லாம் சமாளிச்சு கல்கத்தா தாண்டி ரங்கூன் பக்கம் போனா பருவமழை. மழையில எறங்க வேண்டிய ரேஸ்கோர்ஸ் கண்ணுக்குத் தெரியாம, இன்செயின்ங்கிற எடத்துல எஞ்சினியரிங் ஸ்கூலோட ஃபுட்பால் மைதானத்துல எறக்கிட்டாங்க, எறங்கினது ஓடிப்போயி பள்ளத்துல மூக்கக் குத்திருச்சு. புரொப்பெல்லர் உடைஞ்சுது, சக்கரப் பக்கமும் இறக்கையும் சேதம். கட்டிக் கொண்டுவந்த ஸ்பேர் புரொப்பெல்லர் அங்கதான் உயிரக் காப்பாத்துச்சு. அந்த ஸ்கூல் ஆளுங்களும் கூட நின்னு மரவேலை, இரும்புவேலை எல்லாம் செஞ்சு குடுத்தாங்க, இறக்கைக்குத் துணி வேணுமேன்னு தேடினப்ப முதல் உலகப்போர்ல மிஞ்சின விமானத் துணியில தைச்சிருந்த சட்டைங்கள ஊர்க்காரங்க கொண்டுவந்து குடுத்து அதப் பிரிச்சு ஒட்டினாங்கன்னு சொல்வாங்க. (அன்னைக்கு ரங்கூன்ல நம்மாளுங்க எவ்ளோ பேரு இருந்தாங்க, எங்கம்மா வழியில ஒரு குடும்பமே அங்க இருந்துச்சு, அவங்க யாராச்சும் அந்த விமானத்தப் பாத்திருப்பாங்களோன்னு எனக்கு எப்பவும் ஒரு ஆசை.) ரெக்கார்டு கை நழுவினது அங்கதான். திட்டம் போட்டு வந்தது போயிருச்சு, ஆனா பயணத்த நிறுத்தல.

அப்புறம் பாங்காக், அப்புறம் இன்னைக்கு சொங்க்லான்னு சொல்ற சிங்கோரா, அங்கேர்ந்து சிங்கப்பூர். சிலேத்தார்ல ஒரே ஒரு ராத்திரிதான். தளத்துல இருந்த மெக்கானிக்குங்க கை கொடுத்தாங்க, மறுநாள் 19ஆம் தேதி காலைல ஜாவா பக்கம் கெளம்பிட்டாங்க. எங்க தாத்தா அம்பதுகள்ல அதே சிலேத்தார் பேஸ்ல பெயிண்ட் வேலை பாத்தவரு, நான் சின்னப் பையனா இருக்கறப்ப அந்தப் பக்கம் போனா பிக்காடிலி, பேக்கர் ஸ்ட்ரீட்னு லண்டன் தெருப் பேருங்கள எல்லாம் காட்டுவாரு, ஆனா ஏமி ஜான்சன்னு ஒரு பேர அவரு வாயில நான் கேட்டதே இல்ல. வருஷக்கணக்கா அந்த ரோட்டுல வேலைக்குப் போற எங்கள்ல பாதிப் பேருக்கு இன்னைக்கும் தெரியாது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஜாவால சொமால்னு ஒரு எடத்துல எறங்கினப்ப தரையில நட்டிருந்த மூங்கில் குச்சிங்க இறக்கைத் துணியக் கிழிச்சிருச்சு, அத ஒட்டினது மருந்துக்கடை பிளாஸ்டர வச்சு. முழங்கால்ல செராய்ச்சுக்கிட்டு வந்த பிள்ளைக்கு அம்மா போடுற மாதிரி இறக்கை முழுக்கப் பிளாஸ்டர். படிக்கிறவங்களுக்கு இது வேடிக்கையாத் தெரியலாம், ஆனா எந்தக் கிழிசல அப்படி ஒட்டினா தாங்கும், எத ஒட்டினா காத்துல பிச்சுக்கிட்டுப் போகும்னு தெரிஞ்ச ஆளுதான் அதுல ஏறி திரும்பப் பறக்க முடியும். தெரியாத ஆளு ஏறினா சாவு. அப்புறம் திமோர்ல எறங்கி ஒரு ராத்திரி தகவலே இல்லாம, காணோம்னு உலகமே பயந்து, கடைசியா சுமார் 500 மைல் திமோர் கடலத் தாண்டி மே 24ஆம் தேதி டார்வின்ல எறங்கினாங்க. மொத்தம் சுமார் 11,000 மைல், பத்தொம்பதரை நாள். ஹிங்க்ளரோட ரெக்கார்ட தொட முடியல, ஆனா இங்கிலாந்துல இருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாப் பறந்த முதல் பெண். வயசு 26.

அதுக்கப்புறம் வந்த புகழ் அவங்களுக்கு நல்லது செஞ்சுதான்னு எனக்குச் சந்தேகம்தான். ராஜாவோட சிபிஇ பட்டம், டெய்லி மெயில் பேப்பர்ல இருந்து 10,000 பவுண்டு, ஊர் ஊராப் போயி கையாட்டணும் பேசணும்னு ஒப்பந்தம், உடம்பும் மனசும் தாங்காம அத பாதியிலயே விட்டுட்டாங்க. 1931ல மாஸ்கோ வழியா ஜப்பான், அந்தப் பயணத்துல கூட உக்காந்தது யாருன்னா ஹேங்கர்ல வேலை கத்துக்குடுத்த அதே ஜாக் ஹம்ஃப்ரீஸ். 1932ல கேப்டவுன் வரைக்கும் தனியாப் பறந்து ரெக்கார்டு. ஜிம் மாலிசன்னு இன்னொரு பைலட்ட கல்யாணம் பண்ணி, 1933ல ரெண்டு பேரும் அட்லாண்டிக்கத் தாண்டிப் போயி அமெரிக்காவுல இறங்குறப்ப விபத்து, 1938ல விவாகரத்து. பத்திரிகைங்க இதத்தான் நெறைய எழுதினாங்க. 1935ல இருந்து 1937 வரைக்கும் பிரிட்டன்ல பெண் பொறியாளர்கள் சங்கத்துக்குத் தலைவரா இருந்தாங்கங்கறத யாரும் பெருசா எழுதல.

சாவப் பத்தி பொண்ணு கேக்கும், சுருக்கமாச் சொல்றேன். போர் வந்ததும் ஏடிஏன்னு ஒரு அமைப்புல சேந்தாங்க, ஃபேக்டரில இருந்து விமானப்படைத் தளத்துக்கு விமானத்தக் கொண்டுபோய் விடுற வேலை. 1941 ஜனவரி 5, மோசமான வானிலை, பிளாக்பூல்ல இருந்து ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துல ஒரு தளத்துக்குப் போக வேண்டியவங்க வழி தவறி தேம்ஸ் நதி கடல்ல கலக்குற எடத்துல பாராசூட்ல குதிச்சாங்க. அந்த விமானத்துலயும் ரேடியோ கெடையாது. ஹாசல்மியர்ங்கிற கப்பல்ல இருந்து வால்டர் ஃப்ளெட்சர்னு ஒரு அதிகாரி காப்பாத்தப் போறேன்னு அந்தக் குளிர் தண்ணியில குதிச்சாரு, அவரும் பொழைக்கல. ஏமியோட உடம்பு கெடைக்கவே இல்ல. 37 வயசு. உளவு வேலை, பிரிட்டிஷ்காரங்களே சுட்டுட்டாங்கன்னு பல கதை சுத்துது, ப்ராஜெக்ட்ல அதுக்குப் பக்கம் ஒதுக்க வேணாம், ஃப்ளெட்சர் பேர மட்டும் விட்டுடாதீங்க.

அவங்க இருந்த அந்த ஏடிஏல 1943ல பெண் பைலட்டுங்களுக்கும் ஆம்பளைங்களுக்கும் ஒரே சம்பளம்னு ஆச்சு, பாலின் கோவர்னு அவங்களோட தோழிதான் அதுக்காக நின்னு வாங்கிக் குடுத்தவங்க. நம்ம பக்கம் பாத்தா 1936ல சரளா தக்ரால் லாகூர்ல லைசென்ஸ் வாங்கி இந்தியாவோட முதல் பெண் விமானிங்கள்ல ஒருத்தரா ஆனப்ப புடவை கட்டிக்கிட்டு ஓட்டினதும் ஜிப்ஸி மாத்தான். 1950ல உஷா சுந்தரம் மெட்ராஸ் அரசாங்கம் வாங்கின டி ஹேவிலாண்ட் டவ் விமானத்த கணவரோட சேந்து இங்கிலாந்துல இருந்து ஓட்டிக்கிட்டு வந்தாங்க. பொண்ணுக்குத் தமிழ் கிளாஸ்ல பேச வேண்டியிருந்தா இந்த ரெண்டு பேரையும் சேத்துக்கச் சொல்லுங்க. எங்க ஹேங்கர்ல இப்ப பாலிடெக்னிக் முடிச்சிட்டு வர்ற பொண்ணுங்க இருக்காங்க, தமிழ்ப் பொண்ணுங்களும் உண்டு, லைசென்ஸ் எடுத்துட்டு எஞ்சினுக்குக் கையெழுத்தும் போடுறாங்க. யாரும் திரும்பிப் பாக்குறதில்ல, வேலை சரியா இருக்கான்னு மட்டும்தான் பாப்பாங்க.

தகவல் எங்க தேடுறதுன்னும் கேட்டிருந்தீங்க. நம்ம தேசிய நூலக வாரியத்தோட நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்துல பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இருக்கு, 1930 மே மாசத்துக்குப் போயி தேடச் சொல்லுங்க, அப்ப பேப்பர்காரங்க பல எடத்துல முழுப் பேரு போட மாட்டாங்க, "மிஸ் ஜான்சன்"னு அடிச்சுத் தேடினா நெறைய வரும்.