கரண்ட் போனாலும் திரும்ப எழும்பும் லினக்ஸ்: மலையகத்துக் கேள்விகளும் பதில்களும்

ஹட்டனில் இருந்துகொண்டு, சுற்றுவட்டாரப் பாடசாலைகள், தோட்ட அலுவலகங்கள், கொமியுனிகேஷன் கடைகளில், விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமாகிய லினக்ஸில் ஓடும் கணினிகளைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். வழிகாட்டிகள் பலவும் கரண்ட் எப்போதும் இருக்கும், டேட்டா தீரவே தீராது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. நமக்கு அந்த இரண்டும் உறுதியில்லை. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அங்கேதான் போய் நிற்கின்றன.

கேள்வி (தலவாக்கலை, ஐசிடி ஆசிரியை): சேர், எங்கள் கணினிக் கூடத்தில் பன்னிரண்டு கணினிகள். எல்லாம் விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். எதைப் போடலாம்?

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டன டீச்சர். அதனால் மாற நினைத்தது சரி. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போடுங்கள். மின்ட் 22 வரிசை, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பின் மேல் கட்டப்பட்டது, 2029 வரை ஆதரவு உண்டு. விண்டோஸ் பழகிய பிள்ளைகளுக்கு மெனுவைத் தேட வேண்டியிருக்காது.

பன்னிரண்டிலும் ஒரேயடியாகப் போட்டுவிடாதீர்கள். பென் டிரைவிலிருந்து நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். ஒரு கணினியில் அப்படி ஓட்டி வைஃபை, சத்தம், பிரின்டர், புரொஜெக்டர் நான்கையும் பாருங்கள். பாடத்துக்கு லிப்ரே ஆபிஸ் போதும். ஆனால் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் மைக்ரோசாஃப்ட் ஆபிஸின் மெனுக்களையும் பார்த்திருக்க வேண்டும், ஆகவே இரண்டு கணினிகளை விண்டோஸிலேயே விட்டுவிடுங்கள். அவற்றை இணையத்தில் இணைக்க வேண்டாம்.

அபிவிருத்திச் சங்கத்திடம் ஒரேயொரு செலவுக்குத்தான் கேட்க முடியும் என்றால் எஸ்எஸ்டி கேளுங்கள். 120 ஜிபி போதும். ரேமைக் கூட்டுவதை விட அதுதான் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் தரும்.

கேள்வி (அதே ஆசிரியை): லினக்ஸ் போடும் பத்தும் தனித்தனியாக அப்டேட் எடுத்தால் மாத டேட்டா இரண்டு நாளில் முடிந்துவிடுமே?

முடிந்துவிடும். அதற்குத்தான் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. ஒரு கணினியில் மட்டும் அதை நிறுவி, அதற்கு மாறாத ஐபி முகவரி கொடுங்கள். லினக்ஸ் போட்ட மற்ற ஒன்பதிலும், மென்பொருள்களை இறக்கி நிறுவும் ஆப்ட்டின் அமைப்புக் கோப்புறையில் ஒரு வரி எழுதினால் போதும்: புரோக்சி (இடைத்தரகர்) இந்த முகவரி, போர்ட் 3142. முதலில் ஒரு கணினி கேட்டு இறக்கிய பொதி (மென்பொருள் கோப்பு) அந்தப் புரோக்சிப் பெட்டியில் தங்கிவிடும். அடுத்தவை இணையத்துக்குப் போகாமல் கூடத்துக்குள்ளேயே எடுத்துக்கொள்ளும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தப் பெட்டி தானாக எதையும் இறக்காது, யாராவது கேட்டால்தான் இறக்கும். அதனால் அந்தக் கணினியையும் தன்னையே புரோக்சியாகப் பயன்படுத்த வையுங்கள். உங்கள் பெக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால், இரவு ஒரு மணிக்கு அது அப்டேட் எடுக்கும்படி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரோனில் போட்டுவிடுங்கள். காலையில் பிள்ளைகள் வரும்போது பொதிகள் தயாராக இருக்கும். எல்லாக் கணினியிலும் ஒரே மின்ட் பதிப்பு இருந்தால்தான் இது பலன் தரும்.

கேள்வி (மஸ்கெலியா, கொமியுனிகேஷன் கடை): அண்ணே, நேற்று பின்னேரம் இடிமழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. அதிலிருந்து கறுப்புத் திரையில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று வந்து நிற்கிறது. கஸ்டமர்களின் கல்யாணப் படங்கள் எல்லாம் அதில்தான். ஃபார்மட் பண்ணச் சொல்கிறார்கள்.

ஃபார்மட் பண்ணாதீர்கள் தம்பி. படங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

நடந்தது இதுதான். லினக்ஸ் பயன்படுத்தும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, ஒரு மாற்றத்தைச் செய்யுமுன் அதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும். கரண்ட் பாதியில் போனால், அடுத்த முறை எழும்பும்போது அந்தக் குறிப்பேட்டைப் பார்த்து மிச்சத்தை முடிக்கும் அல்லது கைவிடும். பெரும்பாலும் அது தானாகவே நடந்துவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. நான்கைந்து தடவை அடுத்தடுத்துப் போய் வரும்போது சில நேரம் கணக்கு இடிக்கும். அப்போது, தானாகத் திருத்தப் பயந்து உங்களைக் கூப்பிடுகிறது. அந்தக் கறுப்புத் திரை அதற்குத்தான்.

அங்கே 'எக்சிட்' என்று அடித்து என்டர் கொடுங்கள். எந்தப் பகுதியில் சிக்கல் என்று அதுவே சொல்லும், எஸ்டிஏ2 என்பது போல. அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து எல்லோரும் சொல்வது, கோப்பு முறைமையின் பிழைகளைத் திருத்தும் எஃப்எஸ்சிகே கட்டளையை அந்தப் பகுதியின் மேல் ஓட்டு, எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' கொடு என்பதுதான். நான் அதற்கு முன் ஒரு படி போடுவேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஒருமுறை நோர்வூட்டில் ஒரு வீட்டுக் கணினி இதே நிலையில் வந்தது. பார்த்தவுடன் எஃப்எஸ்சிகே ஓட்டினேன். கரண்டால் வந்த சிக்கல் என்றே நினைத்தேன். உண்மையில் ஹார்ட் டிஸ்க்கே செத்துக்கொண்டிருந்தது. வாசிக்க முடியாத இடங்களை எல்லாம் பழுது என்று எண்ணி எஃப்எஸ்சிகே வெட்டி எறிந்தது. அந்த வீட்டு அம்மாவின் மகளுடைய படங்களில் பாதி, பெயரில்லாமல் வெறும் எண்களோடு 'லொஸ்ட்+ஃபவுண்ட்' கோப்புறையில் கிடந்தன. மீதி கிடைக்கவே இல்லை. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். இன்றைக்கும் அந்தத் திரையைப் பார்த்தால் கை உடனே கீபோர்டுக்குப் போகாது.

ஆகவே, முதலில் மின்ட் பென் டிரைவில் கணினியை எழுப்பி, 'டிஸ்க்ஸ்' என்ற மென்பொருளைத் திறந்து, ஹார்ட் டிஸ்க் தன் நிலைமையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் தரவைப் பாருங்கள். பழுதான இடங்களைக் காட்டும் 5, 197, 198 என்ற எண்களுக்கு நேரே பூச்சியம் இருக்கிறதா? இருந்தால் துணிந்து எஃப்எஸ்சிகே ஓட்டலாம், பெரும்பாலும் சில நிமிட வேலை. பூச்சியம் இல்லாவிட்டால் எதையும் திருத்தப் போகாதீர்கள். டிடிரெஸ்கியூ கொண்டு முழு டிஸ்க்கையும் இன்னொன்றுக்குப் பிரதி எடுத்து, திருத்தத்தைப் பிரதியின் மேல் செய்யுங்கள்.

அப்புறம், இடி இடிக்கும்போது கணினியின் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. ரவுட்டருக்கு வரும் தொலைபேசி வயரையும் கழற்றுங்கள். அந்த வழியாக மின்னல் வந்து ரவுட்டரும் மதர்போர்டும் சேர்ந்தே கருகியதைப் பார்த்திருக்கிறேன். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கொட்டகலை, சிறு நூலகம்): யூபிஎஸ் வாங்கக் காசு இல்லை. சர்வரை என்ன செய்வது?

பழைய லேப்டாப் ஒன்றை சர்வராக்குங்கள். அதன் பேட்டரிதான் உங்கள் யூபிஎஸ். அரை மணி நேரம் தாங்கினாலே போதும். மூடியை மூடினால் தூங்கிவிடாதபடி லொகின்ட் அமைப்புக் கோப்பில் 'ஹேண்டில் லிட் ஸ்விட்ச்' என்ற வரியை 'இக்னோர்' ஆக்கிவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மாதம் ஒருமுறை அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அன்றே கழற்றிவிடுங்கள், அதைத் தள்ளிப்போடவே கூடாது.

கேள்வி (பொகவந்தலாவை, தோட்ட அலுவலகம்): கொழுந்து மடுவத்தில் டிஜிட்டல் தராசைக் கணினியோடு இணைத்திருந்தோம். உபுண்டு 22.04க்கு மாறிய பிறகு நிறை வருவதில்லை. தராசு பழுது என்று திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள்.

அனுப்பாதீர்கள் ஐயா. இதே கோளாறை இன்னொரு தோட்டத்து மடுவத்தில் நேரில் பார்த்தேன். மூன்றரை மணி, வெளியே மழை, கொழுந்துச் சாக்குகளோடு வரிசை நிற்கிறது. தராசின் சிவப்பு எழுத்தில் 14.6 என்று நிறை சரியாகவே காட்டுகிறது. கணினியில் மட்டும் ஒன்றும் இல்லை. யூஎஸ்பி வயரைக் கழற்றித் திரும்பச் செருகி, உடனே கணினியின் உள்செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையைக் கொடுத்துக் கடைசி வரிகளைப் பார்த்தேன். தராசு வயரில் இருந்த சிஎச்340 என்ற யூஎஸ்பி மாற்றிச் சிப்பைக் கணினி அடையாளம் கண்டு, டிடிஒய்-யூஎஸ்பி0 என்று பெயரும் வைக்கிறது. அடுத்த வரியிலேயே 'பிஆர்எல்டிடிஒய்' என்ற ஒன்று குறுக்கே வந்து பிடித்துக்கொள்ள, இணைப்பு அறுந்துவிடுகிறது.

அது பார்வையற்றவர்கள் பிரெயில் கருவிகளைப் பயன்படுத்துவதற்கான மென்பொருள். உபுண்டு 22.04இல் அது இந்தச் சிப்பைப் பிரெயில் கருவி என்று நினைத்துவிடுகிறது. அந்தக் கணினியில் பிரெயில் பயன்படுத்துவோர் யாரும் இல்லையென்றால் அந்தப் பொதியை நீக்கிவிடுங்கள். தராசு உடனே பேசும்.

அதன் பிறகும் 'அனுமதி இல்லை' என்று வந்தால், பயனரை, சீரியல் போர்ட்டைப் பயன்படுத்த அனுமதியுள்ள டயல்அவுட் குழுவில் சேர்க்க வேண்டும். யூசர்மொட் கட்டளையில் பெரிய ஜியோடு சின்ன ஏயும் கட்டாயம் இருக்க வேண்டும். ஏயை விட்டால் அந்தப் பயனர் மற்ற எல்லாக் குழுவிலிருந்தும் விழுந்துவிடுவார், சூடோ (நிர்வாகி) அதிகாரமும் அதோடு போய்விடும். சேர்த்த பிறகு வெளியேறித் திரும்ப உள்ளே வந்தால்தான் பலிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை நீங்கள் கேட்கவில்லை. ஒரு கிலோ குறைந்தாலும் அது ஒரு பெண்ணின் அன்றைய பேரை, அதாவது நாள் சம்பளக் கணக்கைத் தொடும், முழுப் பேர் அரைப் பேராகிவிடும். உங்கள் மென்பொருள் நிறையை நேரே நெட்வேர்க் வழியாக அலுவலகத்துக்கு அனுப்புகிறதா என்று பாருங்கள். அப்படியானால் சிக்னல் போகும் நேரத்தில் நிறைகள் காணாமல் போகலாம். முதலில் மடுவத்துக் கணினியிலேயே கோப்பில் எழுதிவிட்டு, அப்புறம் அனுப்பும்படி மாற்றச் சொல்லுங்கள். கைச் சிட்டையையும் நிறுத்த வேண்டாம்.

கேள்வி (நானுஓயா): கணினியில் நேரம் தப்பாகவே வருகிறது. எத்தனை முறை திருத்தினாலும் அப்படித்தான்.

எவ்வளவு தப்பு என்று பாருங்கள். சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருக்கின்றன என்று அர்த்தம். கடிகாரச் சிப்பில் விண்டோஸ் நமது நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. டைம்டேட்சிடிஎல் கட்டளையில் 'செட்-லோக்கல்-ஆர்டிசி' என்பதை 1 ஆக்கினால் இருவரும் ஒத்துப்போவார்கள்.

காலையில் போட்டால் நேற்று மாலை நேரத்திலேயே நிற்கிறது, இணையம் வந்ததும் சரியாகிறது என்றால், மதர்போர்டிலுள்ள சிஆர்2032 காசு பேட்டரி தீர்ந்துவிட்டது. கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

நேர வலயத்தை ஆசியா/கொழும்பு என்றே வையுங்கள். நம் நாடு 1996இல் கடிகாரத்தை இரண்டு தடவை மாற்றியது, 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. பழைய கோப்புகளின் நேரத்தைச் சரியாகக் காட்ட அந்த வரலாறு முழுவதும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

கேள்வி (பதுளை): வெப் சர்வரில் அனுமதிப் பிழை வந்தால் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்துவிடலாமா?

வேண்டாம். அந்தக் கோப்பு யாருடையதாக இருக்க வேண்டும் என்று பாருங்கள். பெரும்பாலும் உரிமையாளரை மாற்றினாலே தீர்ந்துவிடும்.

கேள்வி (வெலிமடை): டிஸ்க் நிறைந்துவிட்டது, உள்ளேயே நுழைய முடியவில்லை.

ரெகவரி மோடில் எழுப்பி, டிஎஃப் மைனஸ் எச் கொடுத்து எந்தப் பகுதி நூறு சதவீதம் என்று பாருங்கள். இறக்கிய பொதிகளை அழிக்கும் ஆப்ட் கிளீன், அடுத்து பழைய பதிவுகளைக் குறைக்கும் ஜர்னல்சிடிஎல் வாக்யூம்-சைஸ் 200 எம், இந்த இரண்டிலேயே உள்ளே நுழையுமளவு இடம் வந்துவிடும். பூட் பகுதி நிறைந்திருந்தால் ஆப்ட் ஆட்டோரிமூவ் மூலம் பழைய கெர்னல்களை (லினக்ஸின் மையக் கோப்புகளை) அகற்றுங்கள், கையால் அழிக்காதீர்கள்.

கேள்வி (பசறை, இப்போது கொழும்பில் வேலை): அண்ணே, வீட்டில் ஒரு சர்வர் இருக்கிறது, டொங்கிளில் இணையம். தூரத்துக் கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாகக் கொழும்பிலிருந்து நுழைய முடியவில்லை. போர்ட் திறந்தும் பார்த்தேன்.

மொபைல் இணைப்பில் பெரும்பாலும் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி கிடைக்காது. பலருக்கும் ஒன்றையே பகிர்ந்து கொடுப்பார்கள். அதனால் வெளியிலிருந்து வரும் கதவு உங்கள் கையில் இல்லை. உள்ளேயிருந்துதான் வெளியே வர வேண்டும். கணினிகளை ஒரு தனி வலையமைப்பில் இணைக்கும் டெயில்ஸ்கேல் போட்டால் பத்து நிமிடத்தில் முடியும். எல்லாம் உங்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்றால், பொது ஐபி உள்ள ஒரு சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்து, வீட்டுக் கணினி அதற்கு வயர்கார்ட் என்ற விபிஎன்னில் இணையட்டும். கீப்-அலைவை 25 வினாடி ஆக்குங்கள், இல்லாவிட்டால் இணைப்புத் தூங்கிவிடும்.

எஸ்எஸ்எச்சில் சாவி வேலை செய்கிறது என்று உறுதியான பிறகுதான் கடவுச்சொல்லை அணையுங்கள். ஃபயர்வாலை இயக்குமுன் எஸ்எஸ்எச்சுக்கு அனுமதி எழுதுங்கள். எதை மாற்றினாலும் ஓர் இணைப்பைத் திறந்தே வைத்துக்கொண்டு, இரண்டாவது ஜன்னலில் சோதியுங்கள். பூட்டிக்கொண்டால் திறக்க பஸ் ஏறிப் பசறைக்குத்தான் வர வேண்டும்.

கேள்வி (பண்டாரவளை): தமிழில் தட்டச்ச முடியவில்லை. பாமினி எழுத்துருவில் பழக்கம்.

ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவி, ரெங்கநாதன் விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். பாமினி கைப்பழக்கம் அங்கே பெருமளவு உதவும். பழைய பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு அந்த எழுத்துருவையே தேடி அலைய வேண்டும்.

கேள்வி (லிந்துலை, சாதாரண தரம் எழுதிவிட்டு இருக்கும் மாணவி): அண்ணா, எனக்கு இந்த வேலை படிக்க ஆசை. வீட்டில் கணினி இல்லை, ஒரு போன்தான். லயத்தில் சிக்னலும் குறைவு. எங்கிருந்து தொடங்குவது?

இன்றைக்கே அந்தப் போனிலிருந்து தொடங்கலாம் தங்கச்சி. போனிலேயே லினக்ஸ் கட்டளைகளைத் தரும் டெர்மக்ஸ் என்ற செயலியை, எஃப்-டிராய்ட் என்ற செயலிக் கடையிலிருந்து இறக்குங்கள். சிக்னல் உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கி, அதில் 'பிகேஜி இன்ஸ்டால் மேன்' கொடுத்து விளக்கப் பொதியையும் நிறுவினால் போதும், அப்புறம் இணையம் இல்லாமலே பழகலாம். கோப்புறை உருவாக்குவது, நகர்த்துவது, கிரெப் கொண்டு தேடுவது, நேனோவில் எழுதுவது, சின்ன ஷெல் ஸ்கிரிப்ட், எல்லாம் அதில் உண்டு. 'மேன்' என்று அடித்துக் கட்டளையின் பெயரைக் கொடுத்தால் விளக்கம் வரும். ஆங்கிலம்தான், ஆனால் அதே நூறு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு கொப்பியில் அவற்றைத் தமிழில் எழுதி வையுங்கள்.

பெரிய பாடம் அழித்துக் கட்டுவதில்தான் இருக்கிறது. அதற்கு யாரும் கவலைப்படாத ஒரு கணினி வேண்டும். பாடசாலை ஸ்டோர் அறையில் மூலையில் போட்டிருக்கும் பழையதைக் கேட்டுப் பாருங்கள். 64-பிட் என்றால் டெபியன் என்ற லினக்ஸின் 13ஆம் பதிப்பு, அதைவிடப் பழைய 32-பிட் என்றால் டெபியன் 12. அதில் வேண்டுமென்றே, எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஓர் எழுத்தைக் கெடுத்துவிட்டு, எழும்பாத கணினியை எழுப்பிப் பாருங்கள். மூன்று தடவை அப்படி எழுப்பிய பிள்ளையை எந்த சர்வர் அறைக்கும் தைரியமாக அனுப்பலாம். பெறுபேறு வந்ததும் என்விகியூ (தேசிய தொழில் தகைமை) 4ஆம் நிலைப் பாடநெறியைப் பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையத்தில் விசாரியுங்கள்.

ஹார்ட் டிஸ்க் இல்லாத கணினி கிடைத்தால் சொல்லுங்கள். என்னிடம் 160 ஜிபியில் ஒன்று சும்மா கிடக்கிறது, ஸ்மார்ட் பார்த்துவிட்டேன், நல்லதுதான்.