பணம் வரும் இடத்தில் மட்டும் கால்பந்து அணிகளும் வீரர்களும் நியாயம் பேசாமல் நழுவுவது ஏன்?

நீங்கள் ஏதோ ஒரு ஐரோப்பிய கிளப்பின் ரசிகராக இருப்பீர்கள், மனசு விட்டுப்போய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் எரிச்சல் வேறு. 2022 உலகக் கோப்பை நடந்தபோது நான் தோஹாவில் ஒரு சப்-கான்ட்ராக்ட் கம்பெனியில் டைம் கீப்பர், அதாவது தொழிலாளிகளின் வேலை நேரத்தைக் குறிப்பவன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கத்தாருக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. தற்பாலீர்ப்பாளர் உரிமை சின்ன விஷயம் என்றும் சொல்லவில்லை. கமெண்டில் அதைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

இங்கிலாந்து, ஜெர்மனி உட்பட ஏழு ஐரோப்பிய அணிகளின் கேப்டன்கள் தற்பாலீர்ப்பாளர் உரிமைக்கு ஆதரவாக ‘ஒன் லவ்’ கைப்பட்டை கட்டுவதாக இருந்தார்கள். கட்டினால் மஞ்சள் அட்டை என்றது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா. நவம்பர் 21 அன்று ஏழு பேரும் கழற்றி வைத்துவிட்டார்கள். அபராதம் என்றால் கட்டத் தயார், ஆட்டத்தில் தண்டனை என்றால் முடியாது என்று அந்த ஏழு நாட்டுக் கால்பந்துச் சங்கங்களே கூட்டறிக்கை விட்டன. உங்கள் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து ஜெர்மனி–ஜப்பான் ஆட்டம். கேம்ப் மெஸ் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜெர்மன்காரர்கள் பதினோரு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். “என்னண்ணே, மொத்த டீமுக்கும் பல்வலியா?” என்றான் ராமநாதபுரத்துப் பையன் ஒருவன். ஃபிஃபா தங்கள் வாயை அடைத்துவிட்டது என்று காட்டுகிறார்கள் என விளக்கினேன். கேட்டுவிட்டு, “அப்ப நம்ம ஓ.டி.க்கு எவன்ணே வாயப் பொத்துவான்?” என்றான்.

அவன் கேட்டதில் என்ன தப்பு? கூடுதல் நேர வேலைக்கான ஓ.டி. ஷீட் எழுதியவன் நான். ஃபோர்மேன் கையெழுத்தோடு ஆபீசுக்குப் போகும். ஷீட்டில் எண்பது மணி நேரம் இருந்தால் சம்பளச் சீட்டில் நாற்பதுதான் வரும். கேட்டால் “அடுத்த மாசம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்”. அந்த அடுத்த மாசம் வந்ததே இல்லை. பசங்களுக்குக் கோபம் ஆபீஸ் மேல் இல்லை, என் மேல்.

அதே ஆட்டத்தில் ஜெர்மன் உள்துறை அமைச்சர் நான்சி ஃபேசர் அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சரியாக ஆறு நாள் கழித்து, ஜெர்மனிக்கு 2026 முதல் குறைந்தது 15 வருடத்துக்கு எரிவாயு அனுப்ப கத்தார் அரசு நிறுவனமான கத்தார் எனர்ஜி ஒப்பந்தம் அறிவித்தது. ஜெர்மன் அணி இன்னும் ஊருக்குக்கூடக் கிளம்பவில்லை. ரஷ்யா எரிவாயுவை நிறுத்திவிட்டது, குளிருக்கு என்ன செய்வார்கள் என்பீர்கள். சரிதான். எங்களுக்கும் வீட்டில் அடுப்பு எரியணுமே.

கத்தாரில் பாதிக்கப்பட்ட தொழிலாளர்களுக்கு 44 கோடி டாலராவது இழப்பீடு தரச் சொல்லி மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி ஃபிஃபாவிடம் கேட்டது. உலகக் கோப்பைப் பரிசுத் தொகை மொத்தமும் அவ்வளவுதான். ஐரோப்பியச் சங்கங்கள் அறிக்கையில் ஆதரித்தன, இல்லை என்று சொல்லவில்லை. மைதானத்தில் யாரும் அதற்காகக் கையைத் தூக்கவில்லை. 2024 நவம்பரில் ஃபிஃபா 5 கோடி டாலரில் ஒரு நிதி அறிவித்தது. அதிலும் தொழிலாளிக்கு இழப்பீடு கிடையாது. எல்லா வீரர்களையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆஸ்திரேலிய வீரர்கள் 16 பேர் போட்டிக்கு முன்பே வீடியோ போட்டு எங்களுக்காகவும் பேசினார்கள்.

ஆனால் ஐரோப்பியர்களை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? ஸ்கூல் லீவு வந்தால் தோஹாவிலிருந்து திருச்சிக்கு டிக்கெட் விலை மூன்று மடங்கு ஏறும். மேடை மேடையாக ‘வெளிநாடு வாழ் தமிழர்’ என்று உருகுகிற நம் எம்.பி.க்கள் யாராவது ஒருவர் அந்த விமானக் கம்பெனிகளைக் கூப்பிட்டு ஏனப்பா என்று கேட்கக் கூடாதா?