மருத்துவர் பதில்: காய்ச்சல் விட்ட பிறகும் பிள்ளையைக் கவனியுங்கள்

கேள்வி: மகளுக்கு 3 வயது, 12 கிலோ. போன மாதம் கொழும்பில் சித்தி வீட்டுக்குப் போய் வந்த அடுத்த வாரமே காய்ச்சல் 103 வரை ஏறியது. பனடோல் கொடுத்தால் ஈரல் கெட்டுவிடும், தானாக விடட்டும் என்று வட்ஸ்அப்பில் வந்த வீடியோவைக் காட்டுகிறார் என் கணவர். கொடுக்காவிட்டால் மூளைக்கு ஏறி வலிப்பு வரும் என்கிறார் மாமியார். கடைசியில் பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த, பின்பக்கம் வைக்கும் மருந்தை வைத்தோம், இறங்கியது. அடுத்த முறை என்ன செய்வது? 2 மாதக் கைக்குழந்தையும் இருக்கிறது.
ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: அந்தப் பக்கத்து வீட்டு மருந்து இன்னும் அலுமாரியில் இருந்தால் இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். பின்பக்கம் வைக்கும் மருந்தில் பரசிட்டமோலும் (பனடோலில் இருப்பதும் இதுதான்) உண்டு, டைக்குளோபெனாக் என்ற வலி மருந்தும் உண்டு. உறை கிழிந்து கைமாறி வந்தது எது என்று யாருக்குத் தெரியும்? டைக்குளோபெனாக், ஐபுபுரோபன், மெபெனமிக் அசிட், அஸ்பிரின் எல்லாம் டெங்கு உள்ள பிள்ளைக்கு இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடியவை. காய்ச்சல் மட்டும் மளமளவென்று இறங்கும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

அதுவும் கொழும்பிலிருந்து வந்த பிள்ளைக்கு! நுளம்பு கடித்து 4 முதல் 10 நாட்களுக்குள் டெங்குக் காய்ச்சல் தொடங்கும். உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது. நம்ம மலைநாட்டுக் குளிருக்கு டெங்கு வராது என்று தேயிலைத் தோட்டத்தில் இன்னும் சொல்கிறார்கள். மேலே போகப் போக நுளம்பு குறைவு என்பது சரிதான். ஆனால் கொழும்பிலோ கண்டியிலோ கடி வாங்கிக்கொண்டு ஊருக்கு வருகிறவர்கள் எத்தனை பேர்!

சரி, பனடோல். கொடுக்கலாம். பிள்ளை சிணுங்கினால், உடம்பு வலிக்குது என்றால், குடிக்க மறுத்தால் கொடுங்கள். 102 இருந்தும் உட்கார்ந்து விளையாடுகிறாள், தேத்தண்ணி கேட்கிறாள் என்றால் விட்டுவிடலாம். தூங்குகிறவளை எழுப்பி ஊற்றவும் வேண்டாம். அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம். உங்கள் மகளின் 12 கிலோவுக்கு 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.5 மில்லிலீற்றர். 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் வேண்டாம். இந்த அளவில் கொடுத்தால் ஈரல் கெடாது. இன்னும் இறங்கவில்லையே என்று 2 மணித்தியாலத்துக்கு ஒரு தரம் ஊற்றினால் கெடும். பரசிட்டமோல் கலந்த சளி சிரப்பையும் கூடவே கொடுத்தாலும் அதே கதைதான். சமையல் கரண்டியால் அளக்காதீர்கள், பார்மசியில் சிரிஞ்ச் ஒன்று கேட்டு வாங்குங்கள்.

காய்ச்சல் மூளைக்கு ஏறாது. 6 மாதம் முதல் 5 வயது வரை சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருவது உண்மை. பனடோல் அதைத் தடுப்பதில்லை, அதனால் கொடுக்காததால் வந்தது என்று யாரும் உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் சில நிமிடங்களில் நின்றுவிடும், மூளையைப் பாதிக்காது. பக்கவாட்டில் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவி, வாயில் கரண்டி எதுவும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். நின்றுவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டிய நேரம் வேறு. உடம்பு கொதிக்கும்போது எல்லோரும் பிள்ளையைச் சுற்றி இருக்கிறோம். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் அதற்குப் பிறகு, 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும்போது வருகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் சேரும். இது 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். தொட்டுப் பார்த்தால் உடம்பு குளிர்ந்திருக்கும். காய்ச்சல் விட்டது என்று பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் (பிள்ளைக் காப்பகத்தில்) விட்டுவிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவது அன்றைக்குத்தான்.

காய்ச்சல் உண்மையாகவே சுகமாகி விட்ட பிள்ளை பசிக்குது என்று கேட்கும், எழுந்து திரியும். அப்படியில்லாமல் சுருண்டு கிடக்கிறாள், வயிறு வலிக்குது என்று அழுகிறாள், குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறாள், 6 மணித்தியாலமாக ஒன்றுக்குப் போகவில்லை, கை கால் ஜில்லென்று இருக்கிறது என்றால், இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓட்டோவோ 1990ஓ, இரவோடு இரவாகக் கொண்டுபோங்கள். நம்ம ஊரில் யாருக்குத்தான் கை ஜில்லென்று இல்லை என்பீர்கள். கையைக் கம்பளிக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டு, விரல் நுனியை 5 விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். அதற்கு மேல் எடுத்தால் குளிர்தான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள். நிறம் உடனே திரும்பினாலும், பிள்ளை சோர்ந்து கிடந்தால் கொண்டுபோகத்தான் வேண்டும்.

காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் கலண்டரில் எழுதி வையுங்கள். பலரால் இது எத்தனையாவது நாள் என்று சொல்ல முடிவதில்லை, அதை வைத்துத்தான் நாங்கள் எல்லாவற்றையும் முடிவு செய்கிறோம். 3ஆம் நாளும் காய்ச்சல் இருந்தால் முழு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அன்றைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போனாலும் போகட்டும். அதுவரை கஞ்சி, ஜீவனி (உப்பு, சீனி கலந்த பானத் தூள்), கொத்தமல்லித் தண்ணி, எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சிவப்புச் சோடாவும் பீட்ரூட்டும் வேண்டாம், வாந்தியில் இரத்தமா சாயமா என்று தெரியாமல் போகும். இரண்டு ஸ்வெட்டர், தொப்பி, மேலே கம்பளி என்று மூட்டையாகக் கட்டவும் வேண்டாம், ஒரு சட்டை போதும்.

கைக்குழந்தைக்கு இந்தக் கணக்கு எதுவும் இல்லை. 3 மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4, அதாவது 38 பாகை செல்சியஸ், வந்துவிட்டாலே பனடோல் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 3ஆம் நாள்வரை பொறுக்கவும் கூடாது. அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.