மாரியும் கோடையும் வாவிக்கரையும்: படம் எடுப்பவர்களுக்குக் கேள்வி பதில்

மட்டக்களப்பு வாவி, அதன் இரண்டு கரை ஊர்கள், கடற்கரை, தீவுகள் ஆகியவற்றைப் பருவத்துக்குப் பருவம் படம் எடுப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். எந்தக் கமரா வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில் இல்லை. கையில் இருப்பது போதும்.

கேள்வி (டொரன்டோ, சொந்த ஊர் களுதாவளை): அண்ணன், இங்கே இலை சிவக்கும், பனி கொட்டும், எதை எடுத்தாலும் பருவம் தெரியும். ஊருக்கு வந்தபோது எடுத்த படங்களில் ஜனவரியும் ஜூலையும் ஒரே தென்னை, ஒரே வானம். நம்மட ஊரில் பருவத்தை எப்படிக் காட்டுவது?

தென்னையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் வருடம் முழுக்க ஒரே மாதம்தான் தம்பி. நமது பக்கத்தில் பருவம் தண்ணீரிலும் வயலிலும் காற்றிலும் மாறுகிறது.

ஒக்டோபரில் பின்னேர இடிமழையோடு தொடங்கும். அப்போதுதான் மாரி வேளாண்மைக்கு விதைப்பு. ஈரமண் கறுத்துக் கிடக்கும், வானம் அதைவிடக் கறுத்திருக்கும். டிசெம்பரில் வடகீழ் பருவமழை முழுதாக இறங்கிவிடும். வாவி பெருகிக் கலங்கும், ஆற்றுவாழை கூட்டம் கூட்டமாக மிதந்து வரும், கரையோரக் கண்ணா (அலையாத்தி) மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். தை பிறக்கும்போது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை முழுக்கப் பச்சை. மாசியில் அது மஞ்சளாகும். வேளாண்மை வெட்டு முடிந்த வயலில் மாடுகளும் கொக்குகளும் இறங்கும். கொக்கு எடுக்க வேறெங்கும் அலையவேண்டாம், வெட்டு மெஷின் ஓடும் வயலுக்குப் போங்கள்.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை மேற்குப் பக்கமிருந்து வீசும் கச்சான் காற்று. வாவி வற்றிச் சேறு வெளியே வரும். தூரத்து மலைகள் புழுதியில் மறைந்துவிடும். பலரும் கமராவைப் பெட்டியில் வைக்கும் காலம் இது. எனக்கோ இதுதான் பிடித்த காலம். ஏனென்றால் உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் தண்ணீர் பாயும் இடத்தில் மட்டும் சிறுபோகம் என்ற கோடை வேளாண்மை செய்வார்கள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் காய்ந்த தரவை (புல்வெளி), அந்தப் பக்கம் கண்ணைப் பறிக்கும் பச்சை. இரண்டையும் ஒரே படச் சட்டத்துக்குள் கொண்டுவந்தால் கோடை என்று யாருக்கும் எழுதிக் காட்டத் தேவையில்லை.

ஊருக்கு வரும்போதெல்லாம் புது இடம் தேடாதீர்கள். ஒரு பாலம், ஒரு வயல், ஒரு தோணித்துறை என்று மூன்றே இடங்களைப் பிடித்துக்கொண்டு, அதே இடத்தில் நின்று, அதே லென்ஸில் எடுங்கள். நீங்கள் வராத மாதங்களில் சொந்தக்காரப் பிள்ளை யாரிடமாவது சொல்லிப் போனில் எடுக்க வையுங்கள்.

கேள்வி (காத்தான்குடி): சூரிய உதயத்துக்கு எந்தக் கரை, மறைவுக்கு எந்தக் கரை? ஒவ்வொரு மாதமும் சூரியன் வேறு இடத்தில் வருவதுபோல் தெரிகிறதே?

உங்கள் ஊருக்குக் கொடுப்பினை இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காலையில் கடற்கரையில் உதயம், மாலையில் ஊரின் பின்பக்கம் போய் வாவிக்கு மேலே மறைவு. படுவான்கரையில் இருப்பவர்களுக்கு உதயம் வாவிக்கு மேலே வரும். தென்னைகளின் நிழலுருவமும் தோணியும் ஒன்றாகக் கிடைப்பது அங்கேதான். மண்முனைப் பாலத்தில் நின்றால் இரண்டு பக்கமும் தண்ணீர் விரிந்திருக்கும், காலையும் சரி மாலையும் சரி.

சூரியன் இடம் மாறுவது கண்மயக்கம் அல்ல. ஜூன் கடைசியில் நேர்கிழக்கிலிருந்து ஏறக்குறைய 23 பாகை வடக்கே தள்ளி உதிக்கும், டிசெம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே. ஆகவே பாலத்தின் நடுவில் சூரியன் எழும் படம் வருடத்தில் சில நாட்களுக்கு மட்டுமே கிடைக்கும். அந்த நாட்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நேரம் பெரிதாக மாறாது. மே கடைசியில் 5.45 அளவில் உதயம், பெப்ரவரி தொடக்கத்தில் 6.20 அளவில். ஆனால் நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது. நல்ல ஒளி சட்டென்று முடிந்துவிடும். உதயத்துக்கு அரை மணித்தியாலம் முன்பே ட்ரைபொட் ஊன்றியிருக்க வேண்டும்.

ஏப்ரல் இரண்டாவது வாரத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். அந்த நாட்களின் நண்பகலில் நிலக்காட்சி எடுக்கப் போகாதீர்கள், வீட்டில் படுத்துத் தூங்குங்கள்.

கேள்வி (நாவலடி): மாரியில் முகத்துவாரம் வெட்டும்போது எடுக்க ஆசை. எங்கே நிற்பது, எந்த நேரம்?

நம்மட பகுதியில் ஒரு பருவம் முடிந்து மற்றது தொடங்குவதைக் கண்முன்னே பார்க்கக்கூடிய இடம் அதுதான். கோடையில் கடல் கொண்டுவந்து சேர்க்கும் மணல் வாயை அடைத்துவிடும். மாரி வெள்ளம் ஏறி வயலும் வீடும் மூழ்கும் நிலை வந்தால் அந்த மணல்மேட்டை வெட்டி வாவியைக் கடலுக்கு விடுகிறார்கள். முதலில் ஒரு வாய்க்கால் அளவுதான் இருக்கும். பிறகு தண்ணீரே கரையை அரித்துத் தன் வழியை அகலமாக்கிக்கொள்ளும்.

வெட்டும் கணத்தைவிட அடுத்த நாட்கள் படத்துக்கு நல்லவை. மண்ணிற வாவித் தண்ணீர் கடலுக்குள் விசிறிபோல் விரிந்து நிற்கும், அதன் விளிம்பில் நீலமும் பழுப்பும் கோடு போட்டாற்போல் பிரியும். இதைக் காலையில் எடுக்கப் போனால் சூரியன் முகத்துக்கு நேரே நின்று தண்ணீர் முழுக்க வெள்ளித் தகடாகிவிடும், நிறம் விழாது. பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு போங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், நிறம் பிரிந்து தெரியும். போலரைசர் வடிகட்டி இருந்தால் லென்ஸில் மாட்டி மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள், தண்ணீரின் மினுக்கம் குறைந்து கலங்கல் தெளிவாகும். பக்கத்தில் நிற்கும் பாலமீன்மடு வெளிச்சவீடு 1913இல் கட்டியது. அதைச் சட்டத்தின் ஓரத்தில் சேர்த்தால் எந்த ஊர் என்பதும் தெரியும், மணல் எவ்வளவு நகர்ந்தது என்பதை வருடா வருடம் அளக்கவும் உதவும்.

ஒன்றே ஒன்று: வெட்டிய வாயின் விளிம்பில் நிற்காதீர்கள். மேலே உறுதியாகத் தெரியும் மணல் அடியில் அரிபட்டிருக்கும். சரிந்தால் நீச்சல் தெரிந்தவரையும் கடலுக்குக் கொண்டுபோய்விடும்.

கேள்வி (வெல்லாவெளி): போனில் எடுத்தால் வயல் பிளாஸ்டிக் பச்சையாக வருகிறது.

போன் தானாகவே நிறத்தைக் கூட்டுகிறது. றோவில் (போன் நிறம் கூட்டாத மூலக் கோப்பில்) எடுக்க வசதி இருந்தால் அதில் எடுங்கள், இல்லாவிட்டால் திருத்தும்போது பச்சையை மட்டும் குறைத்துக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் தள்ளுங்கள். உங்கள் ஊரில் நிறத்தைவிடப் பெரிய பிரச்சினை யானை. விடியற்காலை தனியாக வயலுக்குள் இறங்காதீர்கள், காவலுக்கு நிற்பவர்களிடம் இரவு எந்தப் பக்கம் வந்தது என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி (கல்முனை): மழை பெய்தால் வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டியதுதானா?

இல்லை. மாரி வேண்டுமென்றால் மழையில்தான் எடுக்கவேண்டும். மழைத்தாரை வெளிர்வானத்துக்கு முன்னால் தெரியாது, கண்ணாக் காடு அல்லது இருண்ட தோப்பைப் பின்னணியாக்குங்கள். ஷட்டர் 1/60 அளவில் வைத்தால் தாரை கோடாக விழும். ஒரு பெரிய குடை, லென்ஸ் துடைக்கப் பழைய பருத்திச் சாரத் துண்டு, அவ்வளவுதான் செலவு. இடி முழங்கினால் மட்டும் கடற்கரையிலும் வயல்வெளியிலும் ட்ரைபொட்டோடு நிற்கவேண்டாம். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர மின்னல் பொல்லாதது.

வெள்ளத்தில் வீடு இழந்து பாடசாலையில் தங்கியிருப்பவர்களை நிலக்காட்சியோடு சேர்க்காதீர்கள். அங்கே போனால் முதலில் கையுதவி, கமரா பிறகு.

கேள்வி (ஏறாவூர்): தீவுகளுக்குப் போய் எடுக்கலாமா? எந்த மாதம் நல்லது?

வாவிக்குள் இருக்கும் தீவுகளுக்குக் கோடைதான் வசதி. ஆனால் மதியத்துக்குப் பிறகு கச்சான் தூக்கினால் சின்னத் தோணி ஆடும், காலையிலேயே போய்த் திரும்பிவிடுங்கள். எருமைத்தீவுப் பக்கம் பறவைகள் இருக்கும். இறங்கி நடப்பதைவிடத் தோணியில் தள்ளி நின்று எடுங்கள், கூடு கட்டும் காலத்தில் ஆள் நடமாட்டம் கண்டால் தாய்ப்பறவை எழும்பிவிடும், முட்டையைக் காகம் கொண்டுபோகும். மாந்தீவு தொழுநோய் மருத்துவமனைக்கென்று ஒதுக்கிய தீவு. அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்காதீர்கள்.

வாகரைப் பக்கம் சல்லித்தீவு கடலுக்குள் இருப்பது. மாரியில் அதை நினைக்கவே வேண்டாம். கடல் அடங்கியிருக்கும் மாதங்களில், ஊர் மீனவர் ஒருவர் ஓட்டும் வள்ளத்தில் மட்டும் போங்கள். கடல்பெருக்கு வற்றுக் கணக்குப் பார்த்து மண்டையை உடைக்காதீர்கள். நம்மட கரையில் அந்த வித்தியாசம் ஒரு மீற்றரை எட்டாது. காற்றைப் பாருங்கள்.

கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் அலையின் தலையில் இருக்கும் நுரையைப் பின்னால் கடலுக்கே பறக்கவிடும். காலை வெயில் கடல் பக்கமிருந்து அதற்குள் ஊடுருவும் நேரம் 1/1000க்கு மேல் ஷட்டர் வைத்து எடுத்துப் பாருங்கள். கரைவலை இழுப்பதும் இந்தக் காலத்தில்தான்.

கேள்வி (களுவாஞ்சிகுடி, ஒரு தங்கை): வலை இழுப்பவர்கள், குருமண்வெளிப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) வருபவர்கள், கோயில் சடங்கு. இவர்களை எடுக்கத் தயக்கமாக இருக்கிறது அண்ணா.

தயக்கம் நல்லதுதான் தங்கச்சி. கரைவலைக்குப் போனால் முதல் நாள் கமராவை வெளியே எடுக்காமல் கயிற்றில் ஒரு கை போட்டு இழுங்கள். அடுத்த நாள் அவர்களே “எடு பிள்ளை” என்பார்கள். மீன் படாத நாளில் சிரிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். மண்டூர் போகும் பாதையில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஆட்களும் நெருக்கி நிற்பதால் முகத்துக்கு அருகே கமரா பிடிப்பது தொல்லை. இறங்கிக் கரையில் நின்று, பாதை வாவியின் நடுவே வரும்போது எடுத்தால் மாரித் தண்ணீரா கோடைத் தண்ணீரா என்பதும் சேர்ந்து விழும்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கும் அதன் நிறைவான குளிர்த்தியும் வரும். கோயில் பொறுப்பாளரான வண்ணக்கரிடம் கேட்டு, அவர் காட்டும் எல்லைக்குள் நில்லுங்கள். பிளாஷ் கூடாது. தெய்வமாடுபவர் அருகே போகவும் கூடாது.

கேள்வி (கல்லடி): பௌர்ணமி இரவில் பாலத்தை எடுத்தால் நிலவு வெள்ளைப் பொட்டாகிறது. பாடும் மீன்களையும் எடுக்கலாமா?

பாடும் மீன் என்பது வாவித் தண்ணீருக்குள்ளிருந்து இரவில் கேட்கும் ஓசை. அதற்குக் காதும் ஒலிப்பதிவுக் கருவியும் வேண்டும், கமராவுக்கு அது அகப்படாது. கோடை மாதப் பௌர்ணமியில் காற்று அடங்கிய பிறகு முயன்று பாருங்கள்.

நிலவுக்கு: போயா (பௌர்ணமி) அன்று போகாமல் முந்தின நாள் போங்கள். நிலவு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி எழும். முந்தின நாள் அது எழும்போது வானத்தில் இன்னும் வெளிச்சம் இருப்பதால் பாலமும் நிலவும் இரண்டும் தெரியும். நன்றாக மேலே வந்துவிட்ட முழுநிலவுக்கு ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, ஷட்டர் 1/100 அளவு போதும், அந்த அளவில் பாலம் இருட்டாகத்தான் இருக்கும். பால்வீதி வேண்டுமென்றால் ஜூன் முதல் செப்டெம்பர் வரை, நிலவில்லாத இரவுகளில், தெற்கு வானத்தைப் பாருங்கள். நகர வெளிச்சத்தை விட்டுத் தள்ளிப் போகவேண்டும்.

கேள்வி (ஆரையம்பதி): அப்பா எடுத்த பழைய கல்லடிப் பாலப் படம் ஒன்று இருக்கிறது. அதே இடத்தில் நின்று இப்போது எடுக்க வேண்டும். எவ்வளவு முயன்றாலும் பொருந்தவில்லை.

நல்ல வேலை இது. 1978 நவம்பர் 23 சூறாவளியும் 2004 சுனாமியும் பார்த்த கரையில் பழைய படம் ஒவ்வொன்றுமே ஆவணம்.

பெரும்பாலும் எல்லோரும் ஸூம் செய்து பொருத்தப் பார்க்கிறார்கள். முதலில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பழைய படத்தில் அருகே ஒரு பொருளையும் தூரத்தில் ஒரு பொருளையும் தெரிவுசெய்யுங்கள். உதாரணமாகப் பாலத்தின் ஒரு இரும்பு நிலையும் அதற்குப் பின்னால் தெரியும் ஒரு கோபுர முனையும். படத்தில் அவை எப்படி ஒன்றையொன்று தொடுகின்றனவோ அப்படித் தெரியும்வரை இடம் வலமாக நகருங்கள். இப்படி இரண்டு சோடி பொருந்தினால் அப்பா நின்ற இடத்தில் நிற்கிறீர்கள். அதன் பிறகுதான் லென்ஸைப் பற்றி யோசிக்க வேண்டும். நிழல் விழுந்த திசையும் நீளமும் மாதத்தையும் நேரத்தையும் சொல்லிவிடும். தண்ணீர் தூணில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள், அதுவும் மாரியா கோடையா என்பதைக் காட்டும். 1924இல் திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 2013 முதல் புதுப் பாலம் நிற்பதால் சில கோணங்கள் மறைந்திருக்கலாம். அப்படியானால் மறைத்ததையே எடுத்து வையுங்கள்.

கேள்வி (பொத்துவில்): ட்ரோன்?

சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைப் பார்த்து, பதிவும் அனுமதியும் எடுத்த பிறகுதான். மட்டக்களப்பு நகரப் பக்கம் திமிலைதீவில் விமான நிலையம் இருப்பதால் அங்கே இன்னும் கவனம். உங்கள் பக்கம் அறுகம்குடாவுக்கு ட்ரோனைவிடக் கரையோரப் பாறை ஒன்றில் ஏறி நிற்பது நல்ல படம் தரும் என்பது என் எண்ணம்.

கேள்வி (பலர்): உப்புக் காற்றிலும் ஈரத்திலும் லென்ஸைக் காப்பது எப்படி?

கடற்கரையிலிருந்து வந்தவுடன் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புத் துகள் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு சற்று ஈரமான துணியால் கமராவின் உடம்பைத் துடைத்து, கடைசியில் உலர்த்துங்கள். பூஞ்சணம் மாரியில்தான் பிடிக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மானி ஆகிய மூன்றும் போதும். ஈரப்பதம் 40 முதல் 50 வீதத்துக்குள் இருக்கட்டும். அரிசிக்குள் போட்டு வைக்கச் சொல்வார்கள், அரிசித் தூசிதான் உள்ளே போகும். தோலுறையில் வைத்து அலுமாரியில் பூட்டுவது எல்லாவற்றிலும் மோசம், தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே கடற்கரைக்குப் போனால் கண்ணாடி வியர்க்கும். பையை மூடியபடியே இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டுத் திறவுங்கள். மற்றபடி, மாரி மாதங்களில் வாரத்துக்கு ஒரு தரமாவது லென்ஸை வெளியே எடுத்துப் படம் எடுங்கள். பாவிக்கும் லென்ஸில் பூஞ்சணம் குறைவு.