லட்ச ரூபாய்க்கு ஒரு டிஸ்க் பிளேயர் தேவையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டில் 65 அங்குல 4கே டி.வி. இருக்கிறது. ஃபைபர் இணைப்பும் நல்ல வேகம். ஆனாலும் லட்ச ரூபாய் போட்டு ஒரு புளூ-ரே பிளேயர் வாங்கினால்தான் படம் படமாகத் தெரியும் என்கிறார் நண்பர். உண்மையா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: பாதி உண்மை. டிஸ்க்கில் படம் மேலாகத் தெரியும். அதற்கு லட்ச ரூபாய் தேவையில்லை.

4கே படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் நொடிக்கு 15 மெகாபிட். 4கே புளூ-ரே டிஸ்க்கிலிருந்து நொடிக்கு 128 மெகாபிட் வரை வரலாம். உங்கள் இணைப்பு 300 மெகாபிட் என்றாலும் பயன் இல்லை. அனுப்புகிறவர் சுருக்கித்தான் அனுப்புகிறார். பட்டப்பகல் காட்சியில் இது அவ்வளவாகத் தெரியாது. இருட்டறையில் ஒருவர் டார்ச் விளக்கோடு நடக்கும் காட்சியைப் போட்டுப் பாருங்கள். ஒளி மெல்ல இருளில் கரைய வேண்டிய இடத்தில் ஓ.டி.டி. வளையம் வளையமாகக் காட்டும். புகையும் மூடுபனியும் கட்டம் கட்டமாக உடையும். டிஸ்க்கில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

ஒலியில் வித்தியாசம் இன்னும் அதிகம். ஓ.டி.டி.யில் வருவது பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ். அதில் ஒலியின் ஒரு பகுதியைக் கழித்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். டிஸ்க்கில் இருக்கும் ட்ரூஎச்டியில் எதையும் கழிப்பதில்லை. ஆனால் டி.வி.யின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவரும் தனி ஸ்பீக்கர்களும் இல்லையென்றால் முதல் செலவு அங்கேதான்.

இனி விலைக்கு வருவோம். பானசோனிக்கின் 4கே பிளேயர்களான யு.பி.820, யு.பி.9000 இரண்டும் 2018இல் வந்தவை. வந்தபோது அமெரிக்காவில் முன்னதன் விலை சுமார் 500 டாலர், பின்னது ஆயிரம் டாலர். இரண்டிலும் படத்தைக் கையாளும் சில்லு ஒரே வகை. கூடுதல் பணம் கனமான உடலுக்கும், உயர்ரக அனலாக் ஒலி வெளியீட்டுக்கும் போகிறது. எச்.டி.எம்.ஐ. கம்பியில் ரிசீவரோடு இணைக்கப் போகிறீர்கள் என்றால் அந்த அனலாக் பகுதி ஆண்டு முழுக்கச் சும்மா கிடக்கும்.

விலை ஏறினால் தரமும் ஏறும் என்று நம்புகிறவர்களிடம் லெக்ஸிகன் பி.டி.-30 கதையைச் சொல்வேன். சுமார் 3,500 டாலருக்கு விற்ற பிளேயர் அது. 2010இல் ஆடியோஹாலிக்ஸ் இணையதள விமர்சகர்கள் அதன் மூடியைத் திறந்தார்கள். உள்ளே 500 டாலர் ஓப்போ பி.டி.பி.-83 பிளேயர் முழுசாக உட்கார்ந்திருந்தது. மின்சுற்றுப் பலகையை மட்டும் எடுத்துப் பொருத்திய வேலையல்ல, ஓப்போவின் அடித்தகடும் அப்படியே இருந்தது. அதன்மேல் ஒரு பெரிய பெட்டியைக் கவிழ்த்திருந்தார்கள். அளந்து பார்த்தபோது செயல்திறனிலும் சொல்லும்படி வேறுபாடு இல்லை.

நடுத்தர விலையில் ஒன்று வாங்குங்கள். ஆனால் தமிழ்ப் படங்கள் 4கே டிஸ்க்கில் கிடைப்பது அரிது. நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் தமிழ்ப் படங்கள் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம்.

கேள்வி: முந்நூறு சி.டி. வைத்திருக்கிறேன், பாதிக்கு மேல் பழைய திரையிசை, மீதி கர்நாடக இசை. பிளேயர் பழுதாகிவிட்டது. இரண்டு லட்ச ரூபாய் சி.டி. பிளேயரில் போட்டால் "பாடகர் எதிரே வந்து நிற்பார்" என்கிறார் கடைக்காரர். (திருநெல்வேலி வாசகர்)

பதில்: நல்ல ஸ்பீக்கர் இருந்தால் பாடகர் இப்போதே வந்து நிற்பார்.

சி.டி.யில் இருப்பவை எண்கள். நொடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 16 பிட். 1982இல் சோனியின் முதல் பிளேயர் படித்ததும் இதையேதான். கீறல் விழுந்த இடத்தைச் சரிக்கட்டப் பிழைதிருத்தக் கணக்கு ஒன்று சி.டி.யிலேயே உண்டு; தடத்தின் வழியே சுமார் இரண்டரை மில்லிமீட்டர் வரை விடுபட்டாலும் அதனால் முழுமையாக மீட்டுவிட முடியும். எனவே ஒழுங்காக வேலை செய்யும் எந்தப் பிளேயரும் நல்ல டிஸ்க்கிலிருந்து அதே எண்களைத்தான் எடுக்கும். அடுத்த வேலை அந்த எண்களை மின்னலையாக மாற்றுவது. அதைச் செய்யும் டி.ஏ.சி. கருவி இன்று பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே நன்றாகக் கிடைக்கிறது.

பரணில் பழைய டி.வி.டி. பிளேயர் இருக்கிறதா? அதன் பின்புறம் "கோஆக்சியல்" அல்லது "ஆப்டிகல்" என்று எழுதிய துளை இருந்தால் டி.ஏ.சி.யை அதில் இணையுங்கள். மிச்சப் பணம் ஸ்பீக்கருக்கு. 1990 வாக்கில் சி.டி.யின் விளிம்பில் பச்சை மை தடவினால் இசை துலங்கும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கடைக்காரர் அந்தக் கூட்டத்தின் வாரிசு போலிருக்கிறது.

கையில் பணம் தாராளமாக இருந்து, டிஸ்க் வைக்கும் கனமான தட்டு ஓசையில்லாமல் வெளியே வந்து நிற்பதைப் பார்க்கப் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆசைக்கு வாங்குவதில் தவறே இல்லை. அதைக் காதின் பேரில் கணக்கு எழுதாமல் இருந்தால் சரி.

இன்னொன்று, சி.டி.க்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இணையத்தில் இருக்கும் அதே பாட்டு பிற்காலத்தில் மறுபதிப்புச் செய்ததாக இருக்கலாம். மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே மட்டத்துக்கு இழுத்து, எல்லாவற்றையும் சத்தமாக்கிவிடும் பழக்கம் 1990களின் பிற்பகுதியில் வலுத்தது. உங்களிடம் இருப்பது அதற்கு முந்தைய பதிப்பு என்றால் அது தனிச் சொத்து. கணினியில் "எக்ஸாக்ட் ஆடியோ காப்பி" என்ற இலவச மென்பொருளால் எதையும் கழிக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் பிரதி எடுத்து வையுங்கள். நீங்கள் எடுத்த பிரதியைப் பிறர் எடுத்த பிரதிகளோடு ஒப்பிட்டு, பிழை உண்டா என்று அதுவே சொல்லும். முந்நூறு சி.டி.யும் சுமார் 100 ஜி.பி.க்குள் அடங்கும்.

கேள்வி: எஸ்.ஏ.சி.டி. (சூப்பர் ஆடியோ சி.டி.) பிளேயர் வாங்கலாமா?

பதில்: டிஸ்க் இருக்கிறதா என்பதே என் எதிர்க்கேள்வி. சி.டி.யைவிடக் கூடுதல் ஒலித் தகவலைத் தாங்கி 1999இல் வந்த இந்த வடிவத்தில் மேற்கத்தியச் செவ்வியல் இசையும் ஜாஸும் நிறைய உண்டு. நம் இசையைத் தேடினால் கிட்டத்தட்டக் கையை விரிக்க வேண்டியதுதான். இருப்பவர்கள் கவனிக்க: ஆயிரம் டாலர் யு.பி.9000 எஸ்.ஏ.சி.டி.யைப் படிக்காது. அதைவிட மிகக் குறைந்த விலையுள்ள சோனி யு.பி.பி.-எக்ஸ்800எம்2 படிக்கும். மேலும் எஸ்.ஏ.சி.டி.யின் ஒலி ஆப்டிகல் கம்பியில் வராது, எச்.டி.எம்.ஐ. அல்லது அனலாக் இணைப்பு வேண்டும்.

கேள்வி: மைத்துனர் அமெரிக்காவிலிருந்து வருகிறார். அங்கிருந்து பிளேயர் வாங்கிவரச் சொல்லலாமா? (திருச்சி வாசகி)

பதில்: இரண்டு விஷயங்களைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. பிளேயரின் பின்புறம் "100–240" என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. "120" என்று மட்டும் இருந்தால் இறக்கு மின்மாற்றி இல்லாமல் சொருகவே கூடாது. அடுத்தது மண்டலப் பூட்டு. புளூ-ரேயில் அமெரிக்கா ஏ, இந்தியா சி. டி.வி.டி.யில் அமெரிக்கா 1, இந்தியா 5. நம் மண்டலத்துக்கென்று பூட்டிய டிஸ்க் அந்தப் பிளேயரில் ஓடாது. 4கே டிஸ்க்குகளுக்கு மட்டும் இந்தப் பூட்டு கிடையாது.

கேள்வி: பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. அது போதாதா?

பதில்: டிஸ்க் போடும் மாடல் என்றால் 4கே படத்துக்குப் போதும். காட்சிக்குக் காட்சி ஒளியைச் சரிசெய்ய டிஸ்க்கிலுள்ள டால்பி விஷன் வராது. சி.டி. அறவே ஓடாது.

கேள்வி: பழைய ஓப்போ யு.டி.பி.-205 ஒன்று விலைக்கு வருகிறது. புதிதாக விற்ற விலையைவிட அதிகம் கேட்கிறார்கள். (சென்னை வாசகர்)

பதில்: அருமையான கருவிதான். ஆனால் ஓப்போ 2018இல் பிளேயர் தொழிலையே விட்டுவிட்டது. சாம்சங் 2019இல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய பிளேயர்கள் செய்வதை நிறுத்தியது, 2024இல் எல்.ஜி.யும் விலகியது. அதனால்தான் இந்த விலை.

டிஸ்க் பிளேயரில் முதலில் தேய்வது லேசர் தலை. எவ்வளவு விலை கொடுத்தாலும் அது தேயும். மாற்றுத் தலை கிடைக்காத நாளில் உங்கள் ஓப்போ வெறும் அலங்காரப் பெட்டி. ஆகவே விற்பவரிடம் விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது: உதிரித் தலை கையில் இருக்கிறதா, அதை மாற்றித் தருகிறவர் யார்?

பார்க்கப் போகும்போது உங்கள் டிஸ்க்குகளைக் கொண்டு போங்கள். மூன்றடுக்கு கொண்ட 100 ஜி.பி. 4கே டிஸ்க் ஒன்று அவசியம். களைத்த லேசர் அங்கேதான் திணறும். படத்தை நடுவிலும் கடைசியிலும் ஓடவிடுங்கள். சி.டி. ஒன்றைப் போட்டு, கடைசிப் பாட்டுக்குத் தாவச் சொல்லுங்கள். உடனே தாவினால் நல்லது. உள்ளே "டிக், டிக்" என்று முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். தட்டு திறக்கத் தயங்குவதைப் பற்றி மட்டும் அதிகம் யோசிக்க வேண்டாம். பெரும்பாலும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், சில்லறைச் செலவு. ஓட்டிக் காட்ட மறுத்தால் பேரமே பேசாதீர்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் டிஸ்க்குகளில் பூஞ்சை படர்கிறது. எப்படித் துடைப்பது? (நாகர்கோவில் வாசகி)

பதில்: வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பருத்தித் துணி. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். தடத்தின் குறுக்கே விழும் கீறலைப் பிளேயர் சமாளித்துவிடும். தடத்தோடு நீளும் கீறலைச் சமாளிப்பது கடினம். சி.டி.யின் எழுத்துள்ள பக்கத்தைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். தகவலைத் தாங்கும் அலுமினியப் படலம் அந்தப் பக்கத்தில் வெறும் அரக்குப் பூச்சின் அடியில் இருக்கிறது. உலர்ந்த பிறகே உறையில் போடுங்கள். அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைத்து அவ்வப்போது மாற்றுங்கள்.