கலிஃபோர்னியா வரியை நான்கு சம தவணையாகக் கட்டியும் அபராதம் ஏன்?

அமெரிக்க மத்திய அரசுக்குக் கட்டியது போலவே கலிஃபோர்னியாவுக்கும் எஸ்டிமேட்டட் டாக்ஸை (வருடத்துக்குள்ளேயே தவணையாக முன்கூட்டிக் கட்டும் வரி) நான்கு சம பங்காகக் கட்டினேன், பாக்கி எதுவும் இல்லை, பிறகு எதற்கு அபராதம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "சம பங்கு"தான் காரணம். கலிஃபோர்னியாவில் தவணை ஏப்ரல் 15க்கு 30 சதவீதம், ஜூன் 15க்கு 40, செப்டம்பரில் ஒன்றுமில்லை, ஜனவரி 15க்கு மீதி 30. கட்டவேண்டியது 10,000 டாலர் என்றால் ஜூன் நடுவில் 7,000 போயிருக்க வேண்டும், நீங்கள் கட்டியது 5,000. நீங்கள் செப்டம்பரில் கட்டிய தவணை போய்ச் சேரும்வரை அந்த 2,000 டாலர் குறைதான்.

பெயர்தான் அபராதம், உண்மையில் அது வட்டி. ஒவ்வொரு தவணைக்கும் தனியாக, தாமதமான நாட்களுக்குக் கணக்கிடுவார்கள், அதனால் வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டி ரீஃபண்டே வந்தாலும் நடுவில் விழுந்த வட்டி அழியாது.

எவ்வளவு கட்டினால் தப்பிக்கலாம்? இந்த வருட வரியில் 90 சதவீதம் அல்லது போன வருட வரி முழுவதும், இரண்டில் எது குறைவோ அது போதும். ஆனால் வருமானம் (ஏஜிஐ, அதாவது சில கழிவுகள் போக வரும் தொகை) 1,50,000 டாலருக்கு மேல் என்றால் போன வருட வரியில் 110 சதவீதம் கட்டவேண்டும், 10 லட்சம் டாலரைத் தொட்டுவிட்டால் போன வருடக் கணக்கே செல்லாது, இந்த வருடத்தின் 90 சதவீதம்தான் ஒரே வழி. சம்பளத்தில் பிடித்த வரி போக 500 டாலருக்குள் பாக்கி என்றால் கவலையே வேண்டாம்.

எனக்கும் இது நடந்தது. நவம்பரில் கம்பெனிப் பங்குகளை விற்று ஜனவரியில் ஒழுங்காகக் கட்டினேன், இருந்தும் ஏப்ரலிலிருந்தே அந்தப் பணம் கையில் இருந்தது போல வட்டி போட்டிருந்தார்கள், நோட்டீஸைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் 5805 படிவத்தில் வருமானம் வந்த மாதங்களை வைத்துக் கணக்குக் காட்டும் முறை இருப்பது தெரிந்தது. வேலை பிடிக்கும், ஆனால் பிந்தி வந்த வருமானத்துக்கு அது கைகொடுக்கும். உங்களுக்கும் வருமானம் வருடக் கடைசியில்தான் வந்தது என்றால் அதைப் போட்டுப் பாருங்கள்.

சம்பளக்காரர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். சம்பளப் பிடித்தம் எந்த மாதத்தில் போனாலும் வருடம் முழுக்கப் பரவலாகக் கட்டியதாகவே எடுத்துக்கொள்வார்கள். அதனால் அக்டோபரில் கணக்குப் பார்த்துக் குறை தெரிந்தால் கம்பெனியில் டிஇ 4 படிவம் கொடுத்து மாநிலப் பிடித்தத்தைக் கூட்டச் சொல்லுங்கள், ஏப்ரல் தவணையில் விட்டதும் அதில் அடங்கிவிடும்.

சென்னையில் வீட்டு வாடகை, என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு) வட்டி ஏதாவது வந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் கட்டிய வரியை அமெரிக்க மத்திய வரியில் கழிக்க முடிகிறது, கலிஃபோர்னியா கழிக்க விடாது.